பண்ணைக் கழிவுநீரில் கன உலோகம்: செடிகளால் எவ்வளவு முடியும்? (கேள்வி பதில்)

கால்நடைக் கழிவுநீரைச் செடி வளர்த்துச் சுத்தம் செய்வது பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கேள்வி: சாணத்திலும் மூத்திரத்திலும் கன உலோகம் எங்கிருந்து வருகிறது?

பெரும்பாலும் தீவனத்திலிருந்துதான். தாமிரமும் துத்தநாகமும் உடம்புக்குத் தேவையானவை என்பதால் தீவனத்தில் சேர்க்கிறார்கள். தேவைக்கு மேல் போட்டால் உடம்பு எடுத்துக்கொள்ளாது, பெரும்பகுதி அப்படியே வெளியே வந்துவிடும். பால் மறக்கும் பன்றிக்குட்டிகளுக்குக் கழிச்சல் வராமலிருக்கக் கிலோ தீவனத்துக்கு 2,500 மில்லிகிராம் வரை துத்தநாகம் கலக்கும் வழக்கம் இருந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜூனில் அதை நிறுத்திவிட்டது. பால்பண்ணைகளில் இன்னொரு வழியும் உண்டு: குளம்பு நோய்க்கு மாடுகளை நடக்க விடும் மயில்துத்தக் (தாமிர சல்பேட்) கரைசல். அதைக் கழிவுநீரோடு கொட்டினால் அத்தனை தாமிரமும் குட்டைக்குப் போகும். தாது உப்பிலுள்ள பாஸ்பேட்டோடு காட்மியம் என்ற நச்சு உலோகமும் கொஞ்சம் வரலாம்.

கேள்வி: குட்டை முழுக்க வெங்காயத்தாமரை விட்டால் போதுமா?

போதாது. ஒரு உதாரணக் கணக்குப் போடுவோம். 10,000 லிட்டர் கழிவுநீர், லிட்டருக்கு 5 மில்லிகிராம் துத்தநாகம் என்றால் மொத்தம் 50 கிராம். காய்ந்த செடி கிலோவுக்கு 500 மில்லிகிராம் பிடித்துவைக்கிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். 50 கிராமையும் எடுக்க 100 கிலோ காய்ந்த செடி வேண்டும். வெங்காயத்தாமரையில் 95 சதவீதம் தண்ணீர்தான். அப்படியானால் பச்சையாக 2 டன் வாரி எடுக்க வேண்டும், அதுவும் இந்த ஒரு தொட்டிக்கு மட்டும்.

அதனால்தான் செடியைக் கடைசிப் படியாக வையுங்கள் என்கிறேன். முதலில் தீவனத்தில் உலோகத்தைக் குறையுங்கள். அடுத்து, திடக்கழிவைப் பிரித்தெடுங்கள். தாமிரமும் துத்தநாகமும் அதிகம் ஒட்டியிருப்பது சாணத் துகள்களில்தான். மிஞ்சி நிற்கும் நீருக்குச் செடி நல்ல துணை.

இன்னொன்று, வெங்காயத்தாமரை ஓடைக்கோ ஏரிக்கோ தப்பினால் ஊர் நீர்நிலையே மூடிப்போகும். தடுப்பு போட முடியாத இடத்தில் அதை விடவே வேண்டாம்.

கேள்வி: கழிவுநீரில் விட்ட அசோலா ஒரே வாரத்தில் பழுத்துச் செத்துவிட்டது. உலோகம்தான் காரணமா?

அம்மோனியாவாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். மூத்திரம் கலந்த நீர் மிதக்கும் செடிகளுக்கு மிகவும் காரம். நல்ல தண்ணீர் கலந்து, நிறம் வெளிறிய பிறகு கொஞ்சமாக விட்டுப் பாருங்கள்.

கேள்வி: அப்படி வளர்ந்த அசோலாவை மாட்டுக்கே போடலாமா?

வேண்டவே வேண்டாம். அசோலா உலோகத்தைச் சேர்த்துவைக்கும் செடி. தண்ணீரிலிருந்து நீங்கள் எடுத்தது திரும்பத் தொழுவத்துக்கே போய்ச் சேரும். செம்மறி வளர்ப்பவர்கள் இன்னும் கவனமாக இருங்கள். தாமிரம் கூடினால் முதலில் சாவது அதுதான்.

கேள்வி: நாணல், சம்பு நட்ட சரளைப் படுகை எப்படி வேலை செய்கிறது? உலோகமெல்லாம் செடிக்குள் போகிறதா?

பெரும்பகுதி போவதில்லை, சேற்றில்தான் தங்குகிறது. வேர்கள் நீரை வேகம் தணித்துத் துகள்களைப் படிய வைக்கின்றன. காற்றில்லாத அடிச்சேற்றில் நுண்ணுயிர்கள் சல்பேட்டைச் சல்பைடாக மாற்றுகின்றன, உலோகம் அதோடு சேர்ந்து கரையாத கறுப்புப் படிவமாகிறது. செடி நேராக உறிஞ்சுவது சிறு பங்குதான், அதிலும் அதிகம் வேரிலேயே நின்றுவிடும். ஆகவே இலையை மட்டும் அறுத்துவிட்டு உலோகம் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். படுகையை முழுக்கக் காயவும் விடாதீர்கள். சேற்றில் காற்றுப் பட்டால் பூட்டியிருந்த உலோகம் மறுபடி கரைந்து வரும்.

கேள்வி: வெட்டிவேர்?

நல்ல செடி. ஆழமான வேர், உப்பையும் உலோகத்தையும் தாங்கும், கண்டபடி பரவாது. ஓரக்கரைக்கும் மிதவைக்கும் நம்பி வைக்கலாம்.

கேள்வி: ஆர்சனிக்கை உறிஞ்சும் பெரணி இருக்கிறதாமே?

இருக்கிறது. ப்டெரிஸ் விட்டாட்டா என்ற பெரணி ஆர்சனிக்கை இலையில் குவிக்கும் என்று 2001-இல் கண்டறிந்தார்கள். ஆர்சனிக் மருந்தைக் கோழித் தீவனத்தில் கலந்த பண்ணைகளின் மண்ணுக்கு இது பொருந்தலாம். ஆனால் கழிவுநீரில் பாஸ்பேட் அதிகம். ஆர்சனேட்டும் பாஸ்பேட்டும் வேருக்குள் நுழைவது ஒரே வாசல் வழியாக என்பதால் ஆர்சனிக் பின்தங்கிவிடும்.

கேள்வி: அறுத்த செடியை என்ன செய்வது?

முதலில் சோதனைக்குக் கொடுங்கள். வெறும் துத்தநாகமும் தாமிரமும், அதுவும் குறைவாக இருந்தால், அந்தச் சத்து குறைந்த நிலத்துக்கு மக்கவைத்துப் போடலாம். காட்மியமோ ஆர்சனிக்கோ தெரிந்தால் உரமாக்காதீர்கள், திறந்தவெளியில் எரிக்கவும் கூடாது. சாணஎரிவாயுக் கலனில் போட்டாலும் உலோகம் அழியாது, வெளிவரும் குழம்பிலேயே இருக்கும். அபாயக் கழிவாகத்தான் ஒப்படைக்க வேண்டும். குட்டையிலேயே அழுகவிட்டால் பிடித்ததில் பெரும்பகுதி திரும்பத் தண்ணீருக்கே போய்விடும்.

கேள்வி: தண்ணீரை எப்படிச் சோதிப்பது?

வடிகட்டாத மாதிரி ஒன்று, வடிகட்டியது ஒன்று என இரண்டாகக் கொடுங்கள். முன்னது மொத்த உலோகம், பின்னது கரைந்த உலோகம். கரைந்தது மிகக் குறைவு, மொத்தம் அதிகம் என்றால் உங்களுக்கு உடனடியாக வேண்டியது செடியல்ல, நல்ல படிவுத்தொட்டி.