அணுக்களை எண்ணியவர் பல்கலைக்கழகத் தலைவரானபோது: கேள்வி பதில்

பெர்லின் ஹும்போல்ட் பல்கலைக்கழகத்துக்கு 2000 முதல் 2005 வரை தலைவராக இருந்தவர் இயற்பியலாளர் யூர்கன் மிலினெக். அவரைப் பற்றி நான் எழுதியதைப் படித்துவிட்டுப் பலர் கேள்வி அனுப்பியிருந்தீர்கள். நானும் ஜெர்மனியில் இயற்பியல் படித்தவள் என்பதால் ஆசையோடு பதில் எழுதுகிறேன்.

அக்கா, தேடினால் அவரை நிர்வாகி என்றுதான் காட்டுகிறது. இயற்பியலில் அவர் செய்தது என்ன?

அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும் தம்பி, பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஹனோவரில் படித்து 1979இல் முனைவர் பட்டம் வாங்கினார். பிறகு சூரிச், 1990 முதல் கான்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர்.

பிளஸ் டூவில் யங் இரட்டைப் பிளவு ஆய்வு படித்திருப்பீர்கள். இரண்டு மெல்லிய பிளவுகள் வழியே ஒளியை விட்டால், பின்னால் உள்ள திரையில் வெளிச்சமும் இருட்டும் மாறி மாறிக் கோடுகளாக விழும். 1961இல் ட்யூபிங்கனில் கிளவுஸ் யோன்சன் எலெக்ட்ரான்களை வைத்து இதைச் செய்தார். முழு அணுவை வைத்துச் செய்வது அதைவிடக் கடினம். ஹீலியம் அணு எலெக்ட்ரானைவிட ஏழாயிரம் மடங்குக்கு மேல் கனமானது. துகள்களும் அலைபோல நடந்துகொள்ளும், கனம் கூடக் கூட அந்த அலையின் நீளம் சுருங்கும். அறை வெப்பநிலையில் அந்த அணுக்களின் அலைநீளம் 0.56 ஆங்ஸ்ட்ராம்தான், கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளத்தில் ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு பங்கு.

மிலினெக்கும் அவருடைய மாணவர் ஒலிவியே கர்னாலும் மெல்லிய தங்கத் தகட்டில் 1 மைக்ரோமீட்டர் அகலப் பிளவுகள் இரண்டை 8 மைக்ரோமீட்டர் இடைவெளியில் போட்டார்கள். அணுக்கள் அதைக் கடந்து இன்னும் 64 சென்டிமீட்டர் போன பிறகு எண்ணினார்கள். அணுவை எப்படி எண்ணுவது? ஹீலியத்தை முன்கூட்டியே கிளர்வுற்ற நிலைக்கு ஏற்றிவிட்டார்கள். அப்படிப்பட்ட அணு ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட 20 எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலைச் சுமந்து வருகிறது. உலோகப் பரப்பில் மோதியதும் ஓர் எலெக்ட்ரானைத் தட்டிவிடும், அதை ஒரு எண்ணிக்கையாகப் பதிவு செய்யலாம்.

கோடுகள் தெரிந்தன. எனக்கு மிகவும் பிடித்த இடம் அதற்கு அடுத்தது. வாயுவைக் குளிர்த்தார்கள். அணுக்களின் வேகம் குறைந்தது, அலைநீளம் 1.03 ஆங்ஸ்ட்ராம் ஆனது, கோடுகளின் இடைவெளி நாலரை மைக்ரோமீட்டரிலிருந்து எட்டுக்கு மேல் விரிந்தது. கணக்கு சொன்னபடியே! 1991இல் அந்தக் கட்டுரை வெளியானது. அடுத்த ஆண்டே ஜெர்மனியின் உயரிய ஆய்வு விருதான லைப்னிட்ஸ் பரிசு கிடைத்தது.

மேடம், 'தலைவர்' என்று எழுதியிருக்கிறீர்கள். துணைவேந்தர் என்று சொல்ல வேண்டாமா?

குழப்பம் வரும் என்றுதான் அந்தச் சொல்லைத் தவிர்த்தேன். நம் ஊரில் ஆளுநர் வேந்தர், பல்கலைக்கழகத்தை நடத்துபவர் துணைவேந்தர். ஜெர்மன் பல்கலைக்கழகத்தில் 'கான்ஸ்லர்' என்று ஒருவர் உண்டு, ஆனால் அவர் பணம், பணியாளர், கட்டடம் பார்க்கும் நிர்வாக அதிகாரி. அவருக்கு மேலே ரெக்டரோ பிரெசிடென்டோ இருப்பார். ஹும்போல்ட்டில் பிரெசிடென்ட். பேராசிரியர்கள், ஆய்வுப் பணியாளர்கள், மாணவர்கள், மற்ற ஊழியர்கள் என நான்கு தரப்பின் பிரதிநிதிகளும் இருக்கும் ஒரு மன்றம் அவரைத் தேர்ந்தெடுக்கிறது. மாணவருக்கும் அதில் ஓட்டு உண்டு என்பதை நம் பிள்ளைகளுக்கு அழுத்திச் சொல்வேன்.

இயற்பியலாளர் மாக்ஸ் பிளாங்கும் அதே பல்கலைக்கழகத்துக்கு ரெக்டராக இருந்தாராமே? அவர் ஆய்வை விடவில்லையே?

இருந்தார், 1913–14இல். அவருக்கு முன்பே 1877–78இல் இன்னோர் இயற்பியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் இருந்தார். பொறுப்பேற்றபோது ஜெர்மன் பல்கலைக்கழகங்களின் கல்விச் சுதந்திரம் பற்றி அவர் ஆற்றிய உரை புகழ்பெற்றது.

ஆனால் அந்தக் கால ரெக்டர் பதவி ஒரே ஓர் ஆண்டுக்குத்தான். சக பேராசிரியர்கள் தேர்ந்தெடுப்பார்கள், ஆண்டு முடிந்ததும் பழையபடி வகுப்புக்கும் ஆய்வுக்கும் திரும்பிவிடலாம். பிளாங்கின் ஆண்டு சாதாரண ஆண்டும் இல்லை. 1913 ஜூலையில் அவரும் வேதியியலாளர் நெர்ன்ஸ்டும் சூரிச்சுக்கே போய் ஐன்ஸ்டைனை அழைத்தார்கள். 1914 ஏப்ரலில் ஐன்ஸ்டைன் பெர்லின் வந்து சேர்ந்தார். அதே ஆண்டு ஆகஸ்ட் 3, பல்கலைக்கழகத்தின் ஆண்டு விழா. இயற்கை விதிகளில் எது உறுதி, எது நிகழ்தகவு என்று பிளாங்க் உரையாற்றினார். பிரான்சின் மீது ஜெர்மனி போர் அறிவித்ததும் அன்றுதான்.

இன்றைய தலைவர் பதவி முழுநேர வேலை. அதில் உட்கார்ந்தால் ஆய்வகத்துக்குத் திரும்பும் வழி மெல்ல மெல்ல அடைபட்டுவிடும். மிலினெக்கின் வாழ்க்கையைப் பார்க்கும்போது எனக்கு முதலில் தோன்றுவது இதுதான்.

தலைவராக அவர் என்ன செய்தார்? மாணவர் போராட்டம் நடந்ததாகக் கேள்விப்பட்டேன்.

நடந்தது. 2001இல் பெர்லின் மாநில அரசின் வங்கி நொடிந்து, மாநிலமே கடனில் மூழ்கியது. நகரத்தின் மூன்று பெரிய பல்கலைக்கழகங்களும் சேர்ந்து ஆண்டுக்கு 75 மில்லியன் யூரோ வரை வெட்ட வேண்டும் என்று 2003இல் முடிவானது. அந்தக் குளிர்காலத்தில் மாணவர்கள் வாரக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தார்கள். பணத்தைக் குறைத்தது அரசு. எந்தத் துறையில் எந்தப் பேராசிரியர் இடத்தை மூடுவது என்று முகத்துக்கு நேரே சொல்ல வேண்டியது பல்கலைக்கழகம். மாணவர்களின் கோபம் நியாயமானது. அந்த நாற்காலியில் இருந்தவரின் நிலைமையையும் எண்ணிப் பார்க்கிறேன்.

அதே 2003இல் ஹும்போல்ட்டின் மருத்துவப் பிரிவும் பெர்லின் சுதந்திரப் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பிரிவும் சாரிட்டே என்ற பெயரில் ஒன்றாயின.

இவ்வளவு நல்ல ஆய்வாளர் ஆய்வை விட்டது இழப்பு இல்லையா அக்கா?

இழப்புதான். கான்ஸ்டன்ஸில் அவருடைய குழு 1997இல் 'நேச்சர்' இதழில் ஒரு கட்டுரை போட்டது. லேசர் ஒளியில்கூடக் குவாண்டம் இரைச்சல் கொஞ்சம் இருக்கும். அதை ஒரு பக்கம் குறைத்தால் மறுபக்கம் கூடும். அப்படி அமுக்கிய ஒளியின் முழு நிலையையும் அளந்து படமாகவே போட்டுக் காட்டினார்கள். அந்தக் கை இன்னும் பத்து ஆண்டு ஆய்வகத்தில் இருந்திருக்கலாம் என்று எனக்கு ஏக்கம் உண்டு.

ஆனால் திடீரென்று போனவர் இல்லை. 1996லிருந்தே ஜெர்மன் ஆய்வு அறக்கட்டளையின் துணைத் தலைவராக, யாருடைய ஆய்வுக்குப் பணம் தருவது என்று தீர்மானிக்கும் இடத்தில் இருந்தார். தன் துறையை மறக்கவும் இல்லை. பின்னாளில் ஐரோப்பிய ஒன்றியம் 100 கோடி யூரோ மதிப்பில் குவாண்டம் தொழில்நுட்பத் திட்டம் தீட்டியபோது, அதை வகுத்த உயர்மட்டக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் அவர்தான். ஓர் அணு கோடு போடுவதைத் தன் கண்ணால் பார்த்தவர் அந்த இடத்தில் இருந்தது நல்லதுதானே.

2005க்குப் பிறகு?

பத்து ஆண்டுகள், 2015 வரை, ஹெல்ம்ஹோல்ட்ஸ் கூட்டமைப்பின் தலைவர். அது பல்கலைக்கழகம் இல்லை. விண்வெளி, துகள் இயற்பியல், புற்றுநோய் ஆய்வு என ஜெர்மனியின் பெரிய ஆய்வு மையங்களின் கூட்டமைப்பு.

அடுத்த மாதம் பெர்லின் வருகிறேன். இதில் எதையாவது நேரில் பார்க்க முடியுமா?

உன்டர் டென் லிண்டன் தெருவில் பல்கலைக்கழகத்தின் பழைய கட்டடம் இருக்கிறது. முன்முற்றத்தில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் சிலை. உள்ளே நுழைந்ததும் எதிரே படிக்கட்டுச் சுவரில் மார்க்ஸின் வாசகம் பொன்னெழுத்தில் தெரியும். இயற்பியல் துறையை அங்கே தேடாதீர்கள், 2003இலேயே தென்கிழக்கில் ஆட்லர்ஸ்ஹோஃபுக்கு மாறிவிட்டது. எஸ்பான் ரயிலில் போகலாம். துறை இருக்கும் தெருவுக்குப் பெயர் நியூட்டன் தெரு.