அந்த அம்மா ஏன் ஒரு ராத்திரிகூடத் தங்கவில்லை?

கேள்வி: என் மகனுக்கு 11 வயது. ஏழு வயதில் டைப் 1 சர்க்கரை என்று கண்டுபிடித்தார்கள். அன்றிலிருந்து தினமும் நாலு ஊசி. இந்த நோய்க்கு உலகத்தில் எங்கே என்ன ஆராய்ச்சி நடந்தாலும் விடாமல் படித்துவிடுவேன். ஸ்டெம் செல் சிகிச்சை, மருந்தின் அளவைத் தானாகவே கூட்டிக் குறைக்கும் இன்சுலின் பம்ப், கையில் ஒட்டிக்கொண்டு சர்க்கரை அளவைக் காட்டும் சென்சார் எல்லாம் எனக்கு அத்துப்படி. அவனுக்கும் நம்பிக்கை வரட்டுமே என்று ராத்திரியில் பக்கத்தில் உட்காரவைத்து வாசித்துக் காட்டுவேன். பம்ப்புக்கு லட்சக்கணக்கில் ஆகும் என்கிறார்கள். ஊரில் ஒரு மனை இருக்கிறது, விற்றால் வாங்கிவிடலாம். ஆனால் இரண்டு மூன்று வருடம் பொறுத்தால் அடியோடு குணமாக்கும் சிகிச்சையே வந்துவிடும் என்றும் தோன்றுகிறது. மனையை விற்கவா, பொறுத்திருக்கவா? ஊசி போடுவது, சுகர் பார்ப்பது எல்லாம் என் மனைவிதான். எனக்கு ஊசியைப் பார்த்தாலே கை நடுங்கும். அவள் மிகவும் பொறுப்பானவள். இந்த நாலு வருடத்தில் தன் அம்மா வீட்டில் ஒரு ராத்திரிகூடத் தங்கியதில்லை. போன தை மாதம் அவள் அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நடந்தபோதுகூட, காலையில் தேனிக்கு பஸ் ஏறிப் போய் சாயங்காலமே திரும்பிவிட்டாள்.

- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திண்டுக்கல்

பதில்: மனையைப் பற்றி அப்புறம் பேசலாம். முதலில் அந்தத் தேனி பஸ்ஸைப் பற்றிப் பேச வேண்டும்.

'பொறுப்பானவள்' என்று பாராட்டி எழுதியிருக்கிறீர்கள். படித்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. கண்ணில் கட்டோடு படுத்திருக்கும் அப்பாவுக்கு ஒரு வாய்ச் சாதம் ஊட்ட நேரமில்லாமல், ஒரு மகள் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடியிருக்கிறார். எதற்கு? ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் பிள்ளைக்கு ஊசி போட வீட்டில் ஆள் இல்லை என்பதற்காக. ஆள் இல்லையா என்ன? நீங்கள் இருந்தீர்கள். ஸ்டெம் செல் வரைக்கும் அத்துப்படி என்று சொல்கிற நீங்கள் அந்த வீட்டில்தான் இருந்தீர்கள்.

உங்களைப் போல எழுதுகிற அப்பாக்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். பிள்ளைமேல் பாசம் இல்லாதவர்கள் என்று ஒருவரையும் சொல்ல மாட்டேன். பாசம் இருக்கிறது, அலைச்சல் இருக்கிறது, கடன் வாங்கவும் தயாராக இருக்கிறார்கள். பிள்ளையின் தொடையைப் பிடித்து ஊசி போடுவதை மட்டும் அம்மாவின் வேலை என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அப்பா ஆராய்ச்சி செய்வார், அம்மா ஊசி போடுவாள். இந்தப் பங்கீட்டை எந்த டாக்டரும் எழுதிக்கொடுக்கவில்லை.

கை நடுங்கும் என்கிறீர்கள். சரி. ஏழு வயதுப் பிள்ளை வேண்டாம் வேண்டாம் என்று அழ, முதல் ஊசியைப் போட்ட அன்று உங்கள் மனைவிக்கு நடுங்கவில்லை என்றா நினைக்கிறீர்கள்? தினம் நாலு என்றால் நாலு வருடத்தில் கிட்டத்தட்ட 5,800 ஊசி. நடுக்கம் எத்தனையாவது ஊசியில் நின்றது என்று அவரைக் கேட்டிருக்கிறீர்களா? இன்னும் நிற்கவில்லை என்றுகூட அவர் சொல்லலாம்.

நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது, 1970-களின் தொடக்கத்தில், கும்பகோணத்தில் எங்கள் தெருவில் ஓர் அண்ணா இருந்தார். அவருக்கும் இதே நோய். அப்போது விரலில் குத்திப் பார்க்கும் கருவி வீடுகளுக்கு வரவில்லை. அவருடைய அப்பா பள்ளிக்கூடத்தில் கிளார்க். காலையில் அவர்கள் வீட்டு நடை வழியாகப் போனால் ஸ்பிரிட் விளக்கின் வாசனை வரும். சோதனைக் குழாயில் நீல நிறப் பெனடிக்ட் கரைசலை ஊற்றி, பிள்ளையின் சிறுநீரை எட்டுச் சொட்டு விட்டு, இடுக்கியில் பிடித்துச் சுடவைப்பார். நீலமாகவே இருந்தால் சிறுநீரில் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள் என்று மாறி, செங்கல் நிறத்துக்கு வந்துவிட்டால் அவர் முகமும் மாறிவிடும். கண்ணாடி சிரிஞ்சையும் ஊசியையும் ஒரு சின்ன வாணலியில் கொதிக்கவைத்து, ஆறவைத்து, தானே போடுவார். வீட்டில் ஃபிரிட்ஜ் கிடையாது. இன்சுலின் குப்பி, ஈர மணல் நிரப்பிய மண்பானைக்குள் ஒரு கிண்ணத்தில் இருக்கும். அந்த மணலை நாங்கள் தொட்டால் திட்டு விழும்.

அந்த அண்ணாவின் அம்மா சித்திரை பிறந்தால் பத்து நாள் தன் ஊருக்குப் போய்விடுவார். நிம்மதியாகப் போவார். வீட்டில் விஷயம் தெரிந்த ஆள் ஒருவர் இருந்தாரே. அண்ணாவுக்கு இப்போது அறுபது தாண்டிவிட்டது. ஒரு கண்ணில் பார்வை கொஞ்சம் மங்கல், மற்றபடி நடமாடிக்கொண்டிருக்கிறார். எந்தத் தொழில்நுட்பமும் இல்லாத காலத்து அப்பா அவர். உங்கள் மகனுக்கு இருப்பது பேனா மாதிரி இருக்கிற இன்சுலின் கருவி, அதன் ஊசி 4 மில்லிமீட்டர் நீளம். அதைப் பார்த்தா கை நடுங்குகிறது?

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் படித்த ஸ்டெம் செல் செய்தி உண்மைதான். 2025 ஜூனில் முடிவுகள் வெளியாயின. ஸ்டெம் செல்லிலிருந்து ஆய்வகத்தில் வளர்த்த, இன்சுலின் சுரக்கும் கணையச் செல்களை முழு அளவில் பெற்றுக்கொண்ட 12 பேரில் 10 பேருக்கு ஒரு வருடம் கழித்து இன்சுலின் ஊசி தேவைப்படவில்லை. நானும் சந்தோஷப்பட்டேன். ஆனால் அவர்கள் எல்லோரும் பெரியவர்கள். தெரியாமலேயே சர்க்கரை அபாயமாக இறங்கி நினைவு தப்புகிற நிலையில் இருந்தவர்கள். புதுச் செல்களை உடம்பு அழித்துவிடாமல் இருக்க, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்துகளைத் தொடர்ந்து சாப்பிட வேண்டும். வளர்கிற 11 வயதுப் பிள்ளைக்கு அந்த மருந்துகளைக் கொடுக்க டாக்டர்கள் லேசில் துணிய மாட்டார்கள். 2022-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டெப்லிஸுமாப் என்ற மருந்தைப் பற்றியும் படித்திருப்பீர்கள். அது நோய் முழுதாக வெளிப்படுவதற்கு முன்பே கொடுத்து, வருவதைச் சராசரியாக இரண்டு வருடம் தள்ளிப்போடுகிற மருந்து. உங்கள் மகன் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டான். இதற்கு நடுவில், ஸ்டெம் செல் ஊசி போட்டு இப்போதே குணமாக்கித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுங்கள்.

ஆகவே 'பொறுத்திருக்கவா' என்ற கேள்வியே தப்பு. உங்கள் பிள்ளையின் உடம்பு பொறுத்திருக்காது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,441 டைப் 1 நோயாளிகளை வருடக்கணக்கில் கவனித்து, 1993-ல் ஒரு பெரிய ஆய்வை வெளியிட்டார்கள். சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தவர்களுக்குக் கண், சிறுநீரகம், நரம்பு இவற்றில் வரும் பாதிப்பு வெகுவாகக் குறைந்திருந்தது. நாளைக்கு மருந்து வந்தாலும், இன்றைக்கு வைக்கிற கவனம்தான் அவன் கண்ணைக் காப்பாற்றி வைக்கும்.

பம்ப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சென்சாரோடு சேர்ந்து தானே அளவை மாற்றுகிற பம்ப்புக்கு முதன்முதலில் 2016-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இப்போது இங்கேயும் வாங்க முடிகிறது. நல்ல சாதனம், குறை சொல்ல மாட்டேன். ராத்திரியில் சர்க்கரை இறங்கும்போது தானாகவே மருந்தைக் குறைத்துக்கொள்ளும். ஆனால் பிள்ளை மூன்று இட்லியும் சட்னியும் சாப்பிடப் போகிறான் என்பது அதற்குத் தெரியாது. எவ்வளவு மாவுச்சத்து என்று கணக்குப் போட்டு யாராவது சொல்ல வேண்டும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை தோலுக்குள் செருகும் குழாயை மாற்ற வேண்டும். அதற்கும் ஊசி உண்டு. பம்ப்பில் நீண்ட நேரம் வேலை செய்கிற இன்சுலின் கிடையாது. குழாய் மடங்கி மருந்து நின்றுபோனால் சில மணி நேரத்திலேயே ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலம் ஏறி, பிள்ளை வாந்தி எடுக்க ஆரம்பிப்பான். அந்த நேரத்தில் பேனாவை எடுத்து ஊசி போடத் தெரிந்த ஆள் பக்கத்தில் இருந்தாக வேண்டும்.

நீங்கள் மனையை விற்று அதை வாங்கினால் என்ன ஆகும் தெரியுமா? குழாய் மாற்றுவதும் உங்கள் மனைவி தலையில் விழும். அலாரம் அடித்தால் எழுவதும் அவர் தலையில் விழும். பம்ப் செய்கிற வேலையைத்தானே நாலு வருடமாக உங்கள் மனைவி செய்துகொண்டிருக்கிறார்? ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து பிள்ளையின் விரலில் குத்திப் பார்க்கிறவர் அவர்தானே? அப்போது நீங்கள் தூங்கிக்கொண்டிருந்தீர்கள், அல்லது பம்ப்பைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தீர்கள்.

மனையை இப்போதைக்கு விற்காதீர்கள். கையில் இருக்கிற பணத்துக்கு முதலில் சென்சார் வாங்குங்கள். ஒன்று ஏறக்குறைய இரண்டு வாரம் வரும். மாதம் முழுக்க முடியாவிட்டால் மாதத்துக்கு ஒன்று போதும், அந்த இரண்டு வாரத்தில் எந்தச் சாப்பாட்டுக்கு எப்படி ஏறுகிறது, விளையாடினால் எவ்வளவு இறங்குகிறது என்று தெரிந்துவிடும். ரத்தத்தில் இருப்பதைவிடச் சில நிமிடம் பின்தங்கித்தான் காட்டும். அதனால் எண்ணுக்கும் பிள்ளையின் முகத்துக்கும் பொருந்தவில்லை என்றால் விரலில் குத்திப் பார்த்துவிடுங்கள். சர்க்கரை இறங்கினால் போனில் அலாரம் அடிக்கிற சென்சாராகப் பார்த்து வாங்குங்கள். அந்த அலாரம் உங்கள் போனில் அடிக்கட்டும். போன் உங்கள் தலையணைக்குக் கீழே இருக்கட்டும்.

இந்த வாரமே ஊசி போடக் கற்றுக்கொள்ளுங்கள். உங்கள் டாக்டரிடம் இருக்கும் நர்ஸ் சொல்லித்தருவார். வெட்கமாக இருந்தால் முதலில் ஒரு சாத்துக்குடியில் குத்திப் பழகுங்கள். புது ஊசியை மாட்டி, இரண்டு யூனிட் வெளியே தள்ளி நுனியில் சொட்டு வருகிறதா என்று பார்க்க வேண்டும். அப்புறம் அளவைத் திருப்பி, குத்தி, பொத்தானை முழுக்க அழுத்தி, பத்து எண்ணிவிட்டு எடுக்க வேண்டும். அவசரப்பட்டு எடுத்தால் மருந்து வெளியே கசிந்துவிடும். தினமும் ஒரே இடத்தில் குத்தக் கூடாது. அங்கே கொழுப்பு கட்டி, மருந்து ஒழுங்காக இறங்காது. பையனின் வயிற்றையும் தொடையையும் ஒருநாள் தடவிப் பாருங்கள், எங்கே கட்டியாக இருக்கிறது என்று உங்கள் கைக்கே தெரியும். நாலு வருடத்தில் அதை ஒருமுறையாவது செய்திருக்க வேண்டிய அப்பா நீங்கள்.

இன்னொன்று, பேனா மருந்து பெரும்பாலும் 100 அளவு, அதாவது ஒரு மில்லிலிட்டரில் 100 யூனிட். அரசு மருத்துவமனையில் தரும் குப்பி பெரும்பாலும் 40 அளவு. சிவப்பு மூடி சிரிஞ்ச் 40-க்கு, ஆரஞ்சு மூடி 100-க்கு. என்றாவது பேனா உடைந்து, அந்த மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் எடுத்துப் போட்டுவிட்டால் இரண்டரை மடங்கு உள்ளே போய்விடும். இது தெரியாத ஆளிடம் பிள்ளையை விட்டுவிட்டு எந்த அம்மாதான் தேனியில் தங்குவார்?

சர்க்கரை 70-க்குக் கீழே போனால் மூன்று டீஸ்பூன் குளுக்கோஸைத் தண்ணீரில் கலந்து கொடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி பார்க்க வேண்டும். நினைவு தப்பிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. ஒருக்களித்துப் படுக்கவைத்து, சர்க்கரையை ஏற்றும் குளுக்ககான் ஊசி வீட்டில் இருந்தால் போட்டு, உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். காய்ச்சல் வந்து பிள்ளை சாப்பிடவில்லை என்பதற்காக இன்சுலினை அடியோடு நிறுத்திவிடக் கூடாது. எவ்வளவு போடுவது என்பதை டாக்டரிடம் இப்போதே கேட்டு எழுதி, சமையலறைச் சுவரில் ஒட்டுங்கள். உங்கள் கையெழுத்தில் எழுதுங்கள்.

பையனைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து, எப்போது குணமாகும் என்று தினமும் வாசித்துக் காட்டுகிறீர்கள். இப்போது தன்னிடம் ஏதோ சரியில்லை என்றுதானே அதை அவன் எடுத்துக்கொள்வான்? அப்பா தன் நோயைத் தொடவே பயப்படுகிறார் என்பதையும் அவன் நாலு வருடமாகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான். அந்தச் செய்திகளைக் கொஞ்ச நாள் மூடிவையுங்கள். அவன் கையில் பேனாவைக் கொடுத்து, 'எப்படிடா இது, அப்பாவுக்குச் சொல்லிக்கொடு' என்று கேளுங்கள். பதினோரு வயதுப் பிள்ளைக்கு அந்த வேலை முழுக்கத் தெரிந்திருக்கும். முதல் ஊசியை நீங்கள் போடும்போது அவனே உங்கள் கையைப் பிடித்துக்கொள்வான், பாருங்கள்.

கட்டிய பெண்ணை அவள் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவைப்பது புருஷனின் கடமை என்று நம்புகிற தலைமுறை நான். அப்பா அம்மாவுக்கு வயதான காலத்தில் மகள் போய் நாலு நாள் இருப்பதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. உங்கள் மாமனாருக்கு ஒரு கண்ணில்தான் ஆபரேஷன் ஆகியிருக்கும் என்று நினைக்கிறேன். இன்னொரு கண் பாக்கி இருக்கும். அதற்குத் தேதி குறித்தவுடன் மனைவிக்கு டிக்கெட் எடுங்கள், நாலு ராத்திரி தங்குகிற மாதிரி. அதற்கு முன்னால் ஒரு மாதம், காலை ஊசியும் ராத்திரி ஊசியும் உங்கள் கையால் நடக்கட்டும். அவர் பக்கத்தில் நின்று பார்க்கட்டும். மூன்று மணி சோதனையும் உங்களுடையது.

அவர் போன பிறகு, அளவில் சந்தேகம் வந்தால் டாக்டருக்கு போன் செய்யுங்கள். நடுராத்திரியில் தேனிக்கு அடிக்காதீர்கள். அவர் தூங்கட்டும்.