பண்டாரவளையில் இருந்து ஒரே நாளில் கடலுக்குப் போய்ப் பறவையும் பார்க்க முடியுமா?

டிசம்பர் லீவில் குடும்பத்தோடு வேன் பிடித்து ஒரே நாளில் கடற்கரைக்குப் போய் வரப்போகிறோம், பிள்ளைகளுக்குப் பறவை காட்ட ஆசை, நேரம் கிடைக்குமா, எங்கே நிறுத்துவது, என்ன கொண்டுபோவது என்று கேட்டிருக்கிறீர்கள். நேரம் தாராளமாகக் கிடைக்கும். ஆனால் பறவையைக் கடற்கரையில் தேடாதீர்கள். அலை அடிக்கிற மணலில் காகமும், தலைக்கு மேலே ஒரு செம்பருந்தும், தூரத்தில் நாலைந்து ஆலாக்களும்தான் இருக்கும். கூட்டமெல்லாம் கடலுக்குக் கொஞ்சம் உள்ளே தள்ளி, களப்பிலும் உப்பளத்திலும் குளத்திலும் நிற்கிறது. அதனால் விடியும்போது பறவை, வெயில் ஏறிய பிறகு கடல். பத்து மணிக்கு மேல் உப்புத் தரையில் இருந்து அனல் எழும்ப ஆரம்பித்துவிட்டால் எவ்வளவு நல்ல பைனாகுலரில் பார்த்தாலும் பறவை நெளிந்துகொண்டுதான் தெரியும், அடையாளம் பிடிக்க முடியாது.

நான் அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். நம்ம ஆட்கள் கதிர்காமத்தில் கும்பிட்டுவிட்டு, அப்படியே கிரிந்தைக்கோ தங்காலைக்கோ போய்க் கடலில் காலை நனைத்துவிட்டு இரவோடு இரவாக ஏறி வருவது பழைய வழக்கம். அந்தப் பாதையிலேயே இலங்கையின் மிக நல்ல பறவை இடங்களில் சில இருக்கின்றன, வேன் நிற்காமல் போய்விடுகிறது என்பதுதான் என் கவலை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

விடியற்காலை மூன்று மணிக்கு மேல் தாமதிக்காமல் கிளம்புங்கள். எல்ல, வெல்லவாய, தணமல்வில, வீரவில, அங்கிருந்து அம்பாந்தோட்டைப் பக்கம். ஏறக்குறைய மூன்று மணி நேரம். எல்லயில் இருந்து வெல்லவாய வரை ஒரே இறக்கம், டிரைவரை பிரேக்கை நம்பாமல் கியரில் இறக்கச் சொல்லுங்கள். தணமல்விலைக்கும் லுணுகம்வெகெரவுக்கும் நடுவில் இருட்டில் யானை வீதிக்கு வரும், அங்கே வேகம் வேண்டாம். கிளம்பும்போது எல்லாரும் ஸ்வெட்டர் போட்டிருப்பீர்கள், வெல்லவாய தாண்டும்போதே கழற்ற வேண்டிவரும்.

வீரவிலக் குளம் வீதிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. வெளிச்சம் வருகிற நேரத்துக்கு அங்கே நிறுத்தி, கட்டிக்கொண்டு வந்த ரொட்டியையும் சம்பலையும் அங்கேயே சாப்பிட்டுவிடலாம். நல்ல தண்ணீர்க் குளம் என்பதால் கூழைக்கடா, நீர்க்காகம், நத்தைகுத்தி நாரை, இலைமேல் நடக்கிற இலைக்கோழி, நீலத் தாழைக்கோழி எல்லாம் வெறும் கண்ணுக்கே தெரியும். சின்னப் பிள்ளைகளுக்கு முதலில் இந்த மாதிரிப் பெரிய பறவையைக் காட்டுவதுதான் நல்லது. அரை மணி நேரம் போதும், அதற்குமேல் இங்கே நின்றால் உப்பளத்து வெளிச்சம் போய்விடும்.

அடுத்தது உப்பளம். அம்பாந்தோட்டை நகரத்தை ஒட்டியே இருக்கிறது, ஓரமாக வீதி போகிறது. அனுமதி இல்லாமல் பாத்திக்குள் இறங்கக்கூடாது, இறங்கவும் தேவையில்லை. சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கிற மாதிரி ஓர் இடம் பார்த்து நில்லுங்கள். எந்தப் பாத்தியைப் பார்ப்பது என்பதில் ஒரு விஷயம் இருக்கிறது. உப்புத் தண்ணீரை ஒரு பாத்தியில் இருந்து அடுத்த பாத்திக்கு விட்டு விட்டு வெயிலில் வற்ற வைப்பார்கள், போகப் போக உப்பு கூடிக்கொண்டே போகும். முதல் பாத்திகளில் சின்ன மீனும் இறாலும் இருக்கும், நடுப் பாத்திகளில் உப்பு தாங்குகிற பொடி இறாலும் உப்பு ஈயும் மட்டும்தான் பிழைக்கும், கடைசியில் வெள்ளை வெளேரென்று உப்பு படிகிற பாத்தியில் தின்ன ஒன்றுமே இருக்காது. புதிதாக வருகிறவர்கள் அழகாக இருக்கிறதே என்று அந்த வெள்ளைப் பாத்தியைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நீங்கள் ஓரத்தில் சேறு தெரிகிற, கணுக்கால் அளவுகூடத் தண்ணீர் இல்லாத பாத்தியைப் பாருங்கள்.

அங்கே முதலில் கண்ணில் படுவது நெடுங்கால் உள்ளான். கறுப்பும் வெள்ளையும் உடம்பு, உடம்புக்குச் சம்பந்தமே இல்லாத நீளத்தில் ரோஸ் நிறக் கால். எங்கள் அம்மாயி முதன்முதலாக அதைப் பார்த்துவிட்டு, "இம்புட்டுத் தண்ணிக்கு நடுவுல நிக்கிது, முட்டிகூட நனையல பாரேன்" என்று சொல்லிவிட்டு வேனில் ஏறவே மறுத்துவிட்டார். அதைப் பார்த்து முடித்ததும் கீழே, சேற்றோரத்தில், சிட்டுக்குருவி அளவில் சாம்பல் நிறத்தில் ஓடிக்கொண்டிருப்பவற்றைத் தேடுங்கள். அவைதான் இந்தப் பயணத்தின் உயிர் என்பது என் அபிப்பிராயம். அதில் இரண்டு வகை ஒன்றாகவே நிற்கும், நடையைப் பார்த்தே பிரித்துவிடலாம். உப்புக்கொத்தி குட்டை மூக்கும் பெரிய கண்ணும் உள்ளது, கண்ணால் பார்த்து இரை பிடிக்கும், அதனால் நாலடி ஓடும், சட்டென்று நிற்கும், பார்க்கும், ஒரு கொத்து கொத்தும், மறுபடி ஓடும். கொசு உள்ளான் நிற்கவே நிற்காது. தலையைக் குனிந்தபடி, மெல்லிய கறுப்பு மூக்கால் சேற்றை இடமும் வலமும் குத்திக்கொண்டே போகும், கைதேர்ந்த அக்காமார் கொழுந்து பறிக்கிறபோது விரல் போகிற வேகம் அது. பத்து நிமிடம் ஒரே பறவையைப் பாருங்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள், இந்த வித்தியாசத்தை அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.

கொசு உள்ளான் முப்பது கிராம்கூட இருக்காது. சைபீரியா, ஸ்கண்டிநேவியா வடக்கே பனி உருகுகிற தரையில் குஞ்சு பொரித்துவிட்டு இவ்வளவு தூரம் வருகிறது. பக்கத்தில் நிற்கிற உப்புக்கொத்திகளில் ஒரு வகை திபெத் மேட்டில் முட்டையிட்டுவிட்டு வந்தது. இன்னொரு வகை எங்கேயும் போகாமல் இந்தக் கரையிலேயே வாழ்கிறது, தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இருக்கிற அதைச் சில வருடங்களுக்கு முன் தனி இனமாகவே பிரித்துவிட்டார்கள், அனுமான் உப்புக்கொத்தி என்று பெயர். பவளக்காலி, பச்சைக்காலி, வளைமூக்கு உள்ளான் எல்லாம் கலந்து நிற்கும். எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் பெயர் தெரிய வேண்டியதில்லை, காலின் நிறமும் மூக்கின் வளைவும் பார்த்துக் குறித்து வைத்தாலே போதும்.

டிசம்பர் என்று சொன்னீர்கள், அதில் ஒரு சிக்கல் உண்டு. அந்தப் பக்கம் மழை பெய்வதே நவம்பர், டிசம்பரில்தான். களப்பு நிறைந்துவிட்டால் சின்னக் கால் பறவைகளுக்கு நிற்க இடம் இருக்காது. முடியுமானால் பயணத்தைத் தைப்பொங்கலுக்குப் பிறகு ஒரு வார இறுதிக்குத் தள்ளுங்கள். ஜனவரி கடைசியில் இருந்து மார்ச் வரை தண்ணீர் வற்ற வற்ற சேறு வெளியே தெரியும், பறவையும் கிட்டே வரும். தள்ள முடியாவிட்டால் உப்பளத்தையே நம்புங்கள், அங்கே தண்ணீர் மட்டம் மனிதர் கையில் இருக்கிறது. வெளிநாட்டு வீடியோக்களில் சொல்கிற மாதிரி கடல் ஏற்ற இறக்க நேரம் பார்த்துக் கணக்குப் போடவும் வேண்டாம், நம்ம கரையில் அந்த வித்தியாசம் ஒரு மீற்றர்கூட வராது.

கையில் காசும் இன்னும் மூன்று மணி நேரமும் இருந்தால் புந்தல தேசியப் பூங்கா. ஈரநிலங்களைக் காப்பதற்கான ராம்சார் என்கிற உலக உடன்படிக்கையின் கீழ் 1990இல் இலங்கையின் முதல் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட இடம், 1993இல் தேசியப் பூங்கா ஆனது. ஜீப்பில்தான் போக வேண்டும், அடையாள அட்டையை மறக்காதீர்கள். ஜீப்காரர்கள் யானையையும் முதலையையும் காட்டத்தான் அவசரப்படுவார்கள், ஏறும்போதே "குருல்லோ பலன்ன ஆவே", பறவை பார்க்கத்தான் வந்தோம் என்று சிங்களத்தில் சொல்லிவிடுங்கள், களப்போரத்தில் இன்ஜினை நிறுத்தி வைப்பார்கள். மஞ்சள் மூக்கு நாரை வாயைத் திறந்து தண்ணீருக்குள் வைத்துக்கொண்டு மீன் வந்து படுகிறவரை காத்திருப்பதையும், கரண்டிவாயன் தலையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் வீசி அரித்துக்கொண்டு போவதையும் அங்கே அருகிலேயே பார்க்கலாம். வேனில் ஒருத்தர் கட்டாயம் "யாலைக்கே போயிருக்கலாமே, சிறுத்தை பார்த்திருக்கலாம்" என்பார். பறவைக்கு புந்தலதான், விட்டுக்கொடுக்காதீர்கள்.

பூநாரை, அதாவது ஃபிளமிங்கோ, பார்க்கலாமா என்று பிள்ளைகள் கேட்பார்கள். உண்மையைச் சொல்லிவிடுங்கள். ஒரு காலத்தில் புந்தலயில் பெருங்கூட்டமாக வந்தன, பழைய சுற்றுலாப் படங்களில் இருப்பது அதுதான். 1980களில் கிரிந்தி ஓயாவை மறித்து லுணுகம்வெகெர நீர்த்தேக்கம் கட்டி, புதிதாக வயல்கள் வந்தன. அந்த வயல்களில் இருந்து வடிகிற நல்ல தண்ணீர் புந்தலயின் எம்பிலிக்கல, மலல களப்புகளுக்குள் சேர்ந்து உப்பு குறைந்தது, உப்பு குறைந்ததும் பூநாரையின் இரையும் போனது. இப்போது அவற்றைப் பார்க்க மன்னாருக்கோ யாழ்ப்பாணத்துக்கோதான் போக வேண்டும். வயலும் வேண்டும்தான், விவசாயியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் வடிகால் தண்ணீரை எங்கே விடுவது என்று அன்றைக்கே யோசித்திருக்கலாம் என்பதை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

பத்தரை, பதினொரு மணிக்குக் கடலுக்குப் போய்விடுங்கள். கிரிந்தையில் பாறைமேல் விகாரையும் காற்றும் அருமை, ஆனால் குளிக்க இறங்கக்கூடாது, இழுப்பு பலமான கடல். தங்காலை அம்பாந்தோட்டையில் இருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரம் மேற்கே, ஹோட்டலும் சாப்பாடும் அங்கேதான் வசதி. அங்கேயும் ஊர் ஆட்களிடம் எந்த இடத்தில் இறங்கலாம் என்று கேட்டுவிட்டு இறங்குங்கள். மலையில் வளர்ந்த நம்ம பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேருக்கு நீச்சல் தெரியாது.

ஏப்ரலுக்குப் பிறகு போகிறவர்களுக்காக ஒன்று. அனுமான் உப்புக்கொத்தியும் சின்ன ஆலாவும் கூடே கட்டாமல் வெறும் மணலில் முட்டையிடும், புள்ளி போட்ட மணல் நிற முட்டை, காலடியில் இருந்தாலும் தெரியாது. ஒரு சின்னப் பறவை இறக்கை ஒடிந்த மாதிரி இழுத்துக்கொண்டு உங்கள் முன்னால் ஓடினால், அது உங்களை முட்டையிடம் இருந்து விலக்கிக் கூட்டிப்போகிறது. அப்படியே வந்த வழியே திரும்பிவிடுங்கள், பந்து விளையாட வேறு இடம் பாருங்கள். வெயிலில் தாய் எழும்பி நிற்கிற ஒவ்வொரு நிமிடமும் முட்டை வேகும்.

கொண்டுபோக வேண்டியது அதிகமில்லை. பைனாகுலர் வாங்குவதாக இருந்தால் 8x42 போதும், எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன் கண்ணாடி 42 மில்லிமீற்றர். பத்து மடங்கு வாங்கினால் கை நடுக்கமும் பத்து மடங்கு தெரியும், பிள்ளைகளால் பிடிக்க முடியாது. பறவையை அடையாளம் காட்டுகிற மெர்லின் என்ற போன் செயலியையும் அதில் இலங்கைப் பறவைகள் உள்ள தொகுப்பையும் வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், அது இலவசம். தொப்பி, நிறையத் தண்ணீர், கண்ணாடி துடைக்க மெல்லிய பருத்தித் துணி. உப்புக் காற்று பட்ட லென்ஸை அழுத்தித் துடைத்தால் கீறல் விழும், முதலில் ஊதிவிட்டுத் துடையுங்கள்.

திரும்பும்போது எல்லாரும் தூங்கிவிடுவார்கள், நீங்கள் முன் சீட்டில் உட்காருங்கள். லுணுகம்வெகெரவில் இருந்து தணமல்வில வரை பின்னேர வெயிலில் கம்பிகளில் பச்சைப் பஞ்சுருட்டான், பனங்காடை, வெட்டவெளியில் மயில், அதிர்ஷ்டம் இருந்தால் மரத்துக்கு மரம் பறக்கிற இருவாச்சி. இவையெல்லாம் நம்ம தோட்டத்து உயரத்தில் பார்க்க முடியாதவை, அல்லது அபூர்வம். இருட்டுவதற்கு முன் வெல்லவாய தாண்டிவிட வேண்டும், மேலே பனிமூட்டம் இறங்கிவிட்டால் டிரைவர் பாவம்.

கடைசியாக மழை. எல்ல–வெல்லவாய வீதியைப் பலத்த மழையில் மூடிவிடுவது உண்டு, முதல் நாள் இரவே தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பாருங்கள். பதுளை மாவட்டத்துக்கு எச்சரிக்கை இருந்தால் இறங்கவே இறங்காதீர்கள். எச்சரிக்கை நீங்கிய பிறகு அதே வேனில் வெலிமடை வழியாக நுவரெலியா விக்டோரியா பூங்காவுக்கு ஒரு நாள் போய்வரலாம். பனிக்காலத்தில் அங்கே காஷ்மீர் ஈப்பிடிப்பான் வரும், காஷ்மீர்ப் பக்கத்துக் காடுகளில் குஞ்சு பொரித்துவிட்டு நம்ம மலைக்கு வருகிற, உலகத்திலேயே குறைவாக இருக்கிற பறவை. ஆண் பறவைக்குத் தொண்டையில் இருந்து நெஞ்சு வரை செம்மை, இரண்டு ஓரத்திலும் கறுப்புக் கரை. ஓடையோரத்துப் புதர்களில் ஆறுமணிக் குருவியும் இருக்கும். காலையில் நேரத்தோடு போங்கள், கூட்டம் வந்துவிட்டால் இரண்டும் உள்ளே போய்விடும்.