மூட்டு மாற்றிய இடுப்பில் முளைக்கும் எலும்பு: கேள்வி பதில்

குன்னூரில் பிசியோதெரபிஸ்டாக எனக்கு இருபது வருடம் ஆகிறது. கோவையில் இடுப்பு மூட்டு மாற்றிக்கொண்டு மலையேறி வருகிறவர்களில் சிலருக்கு, கொஞ்ச நாள் கழித்து எடுக்கும் எக்ஸ்ரேயில் 'தசையில் எலும்பு வளர்ச்சி' என்று எழுதி வருகிறது. அதைப் பற்றிக் கேட்கலாம் என்று குழுவில் சொல்லியிருந்தேன். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். மருந்து எழுதுவது என் வேலை இல்லை. மாத்திரை விஷயத்தில் நான் சொல்வதை உங்கள் சர்ஜனிடம் அப்படியே கேள்வியாகக் கேளுங்கள்.

கோத்தகிரியிலிருந்து: அப்பாவுக்கு 64 வயது, ஆபரேஷன் ஆகி மூன்று மாதம். ரிப்போர்ட்டில் 'ஹெட்டரோடோபிக் ஆசிஃபிகேஷன், கிரேடு 1' என்று இருக்கிறது. நன்றாகத்தான் நடக்கிறார். நெட்டில் தேடிப் பயந்துபோய்விட்டோம். இது கட்டியா மேடம்?

கட்டி இல்லைங்க, புற்றுநோயும் இல்லை. எலும்பு இருக்கக் கூடாத இடத்தில், அதாவது மூட்டைச் சுற்றியுள்ள தசையில், எலும்பு உண்டாவதற்குத்தான் இந்த நீளமான பெயர். மூட்டு மாற்றும்போது தசையை விலக்கி, எலும்பை வெட்டி, குடைந்து பொருத்துகிறார்கள். அந்தக் காயத்தை ஆற்ற வரும் செல்களில் சில, தழும்பாவதற்குப் பதில் எலும்பு கட்டும் செல்களாகிவிடுகின்றன. ஒடிந்த எலும்பை ஒட்டவைக்கும் அதே வேலையை உடம்பு தப்பான இடத்தில் செய்கிறது, அவ்வளவுதான்.

கிரேடு என்பது 1973-ல் புரூக்கர் என்ற எலும்பு மருத்துவரும் சகாக்களும் வகுத்த அளவு. தசைக்குள் தீவு தீவாகத் துணுக்குகள் தெரிந்தால் 1. இடுப்பெலும்பிலிருந்தோ தொடை எலும்பிலிருந்தோ கூராக நீண்டு, எதிரெதிர் முனைகளுக்கு நடுவே 1 செ.மீ.யாவது இடைவெளி இருந்தால் 2. இடைவெளி அதைவிடக் குறைந்தால் 3. பாலம் போட்ட மாதிரி சேர்ந்தே விட்டதாகத் தெரிந்தால் 4. முதல் இரண்டு கிரேடில் இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு, எக்ஸ்ரே எடுக்காவிட்டால் இப்படி ஒன்று இருப்பதே தெரிந்திருக்காது. அப்பா நடக்கட்டும். சர்ஜன் சொன்ன தேதியில் அடுத்த எக்ஸ்ரே எடுத்தால் போதும்.

குந்தாவிலிருந்து: எலும்பு கூடுகிறது என்றதும் அம்மாவுக்குப் பால், ராகிக் களி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டோம். சரிதானே அக்கா?

சரியில்லை. சாப்பாட்டில் இருக்கும் சுண்ணாம்புச் சத்துக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. நிறுத்தினால் அம்மாவின் மற்ற எலும்புகள்தான் மெலியும். இன்றைக்கே களி கிண்டிக் கொடுங்கள்.

கூடலூரிலிருந்து: எனக்கு 41 வயது. முதுகெலும்பை இறுக வைக்கும் வாத நோயான அங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் இருக்கிறது. அடுத்த மாதம் வலது இடுப்பு மூட்டு மாற்றப் போகிறார்கள். இது வராமல் தடுக்க முடியுமா?

வந்ததிலேயே சரியான நேரத்தில் வந்த கேள்வி உங்களுடையதுதான். தடுப்பு என்பது ஆபரேஷனை ஒட்டிய சில நாட்களுக்குள் தொடங்க வேண்டியது. எக்ஸ்ரேயில் எலும்பு தெரிய மூன்று முதல் ஆறு வாரம் ஆகும். தெரிந்த பிறகு மாத்திரை போட்டு அதைக் கரைக்க முடியாது.

நீங்கள் ஆண், அதோடு உங்களுக்கு இருக்கும் வியாதி, இரண்டுமே வாய்ப்பைக் கூட்டுபவை. ஏற்கெனவே ஒரு இடுப்பில் இப்படி வளர்ந்தவர்கள், முதுகெலும்பில் மெழுகு வழிந்தது போல எலும்பு படியும் 'டிஷ்' உள்ளவர்கள், மூட்டைச் சுற்றிப் பெரிய எலும்பு முட்களோடு தேய்மானம் வந்தவர்கள், இவர்களும் இந்தப் பட்டியலில் உண்டு.

வழி இரண்டு. ஒன்று இண்டோமெதசின் போன்ற வலி, வீக்கம் குறைக்கும் மாத்திரை. 25 மி.கி. வீதம் மூன்று வேளை, ஆபரேஷன் முடிந்த கையோடு ஆரம்பித்துச் சில வாரம் கொடுப்பது வெகுகாலமாக இருக்கும் வழக்கம். வயிற்றுப்புண்ணும் சிறுநீரகமும்தான் இதில் கவலை. ரத்தம் உறையாமல் இருக்கவும் அதே சமயத்தில் மருந்து கொடுப்பார்கள், இரண்டும் சேர்ந்தால் ரத்தக்கசிவு வரலாம். அதனால் சிலர் வயிற்றை அவ்வளவாகப் புண்ணாக்காத செலிகாக்சிப் எழுதுகிறார்கள். உங்கள் முதுகுக்காக இதே வகை மாத்திரையை நீங்கள் ஏற்கெனவே போட்டுக்கொண்டிருக்கலாம், அதை மறைக்காமல் சொல்லுங்கள். இரண்டு பேர் எழுதிய ஒரே வகை மாத்திரையைச் சேர்த்து விழுங்கி ரத்த வாந்தியோடு போனவரை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று ரேடியேஷன். 7 அல்லது 8 கிரே (கதிர் அளவைச் சொல்லும் அலகு), ஒரே ஒரு தடவை. ஆபரேஷனுக்கு முந்தைய 24 மணி நேரத்துக்குள், இல்லையென்றால் முடிந்து 72 மணி நேரத்துக்குள். புற்றுநோய்க்குக் கொடுப்பதில் இது சிறு பங்குதான். ஆனால் மெஷின் நம் ஊர்ப் பக்கத்து ஆஸ்பத்திரிகள் எல்லாவற்றிலும் இருக்காது. புதிதாக மூட்டு வைத்த காலோடு மூன்றாம் நாள் ஆம்புலன்ஸில் இன்னொரு ஆஸ்பத்திரிக்கு அலைவதைவிட, ஆபரேஷனும் ரேடியேஷனும் ஒரே இடத்தில் இருக்கிற ஆஸ்பத்திரியாகப் பார்த்து முன்பே பேசிவிடுங்கள். இனி குழந்தை பெற்றுக்கொள்ளும் எண்ணம் இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

ஊட்டியிலிருந்து: நம்ம ஊர் தைலத்தைப் போட்டு நன்றாக உருவிவிட்டால் எலும்பு கரையும் என்கிறார் உறவினர் ஒருவர்.

எந்தத் தைலமும் எலும்பைக் கரைக்காது. அழுத்தி உருவுவதால் தசை மேலும் புண்படும். புண்பட்ட தசையில்தானே இந்த எலும்பே பிறக்கிறது? காலைப் பிடித்து வலுக்கட்டாயமாக மடக்குவதும் வேண்டாம். அவரவர் தசையால் தானாக மடக்கி நீட்டும் பயிற்சி போதும்.

விண்டர்கிரீன் தைலத்தைப் பற்றி மட்டும் தனியாக ஒரு எச்சரிக்கை. அதில் இருப்பது மெத்தில் சாலிசிலேட், ஆஸ்பிரினுக்கு உறவுக்காரன், தோல் வழியே ரத்தத்தில் சேரும். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை போடுகிறவர்கள் அதை அள்ளிப் பூசினால் ரத்தக்கசிவு வரலாம். கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார்.

குன்னூரிலிருந்து: மூட்டு மாற்றி மூன்று வாரம். கெண்டைக்கால் வீங்கிச் சூடாக இருக்கிறது, லேசாகக் காய்ச்சலும். எலும்பு வளர்வதாக இருக்குமோ?

இருக்கலாம், ஆனால் அதை எண்ணிக்கொண்டு வீட்டில் உட்காராதீர்கள். இதே அறிகுறிகள் காலில் ரத்தம் உறைந்தாலும் வரும், மூட்டில் சீழ் பிடித்தாலும் வரும். இரண்டும் ஆபத்து. இன்றைக்கே போய் டாப்ளர் ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் பார்த்துவிடுங்கள். மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ 108-க்குக் கூப்பிடுங்கள்.

மஞ்சூரிலிருந்து: கணவருக்கு ஆபரேஷன் முடிந்து ஏழு மாதம். கிரேடு 4. இடுப்பு மடங்கவே இல்லை, பஸ் சீட்டில் உட்கார முடியவில்லை, காலைச் சாய்த்துக்கொண்டு நின்றபடியே வருகிறார். வெட்டி எடுக்கச் சொன்னால் டாக்டர் 'இன்னும் பொறுங்கள்' என்கிறார். ஏமாற்றுகிறாரா?

ஏமாற்றவில்லைம்மா. இந்த எலும்பு முற்றிக் கெட்டியாக ஆறு மாதம் முதல் ஒரு வருடம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். பிஞ்சாக இருக்கும்போது வெட்டினால் ரத்தம் அதிகம் போகும், எங்கே எலும்பு முடிகிறது, எங்கே தசை தொடங்குகிறது என்பதும் தெளிவாக இருக்காது. மறுபடி வளரும் என்ற பயமும் உண்டு. எக்ஸ்ரேயில் ஓரங்கள் கூர்மையாகத் தெரிகின்றனவா, எலும்பு வளரும்போது ரத்தத்தில் கூடும் ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற நொதி இறங்கியிருக்கிறதா என்று பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். இவ்வளவு காத்திருக்க வேண்டியதில்லை என்று சொல்லும் சர்ஜன்களும் இருக்கிறார்கள். எனவே இன்னொருவரிடம் கருத்துக் கேட்பதில் தப்பில்லை.

போகும்போது மூன்று கேள்வி கேளுங்கள். சி.டி. ஸ்கேனில் எலும்பு நரம்புக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது? எடுத்த பிறகு திரும்ப வளராமல் இருக்க மாத்திரையா, ரேடியேஷனா? கால் எவ்வளவு தூரம் மடங்கும் என்று எதிர்பார்க்கலாம்? மூன்றாவது முக்கியம். இந்த ஆபரேஷனில் அசைவு திரும்புவதை ஓரளவு நம்பலாம், வலி முழுக்கப் போகும் என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. அதுவரை பின்சீட்டைத் தவிருங்கள். ஜீப்பென்றால் முன்சீட்டைப் பின்னால் தள்ளி, கெட்டியான தலையணை ஒன்றைப் போட்டு உயர்த்திக்கொள்ளலாம்.

அருவங்காட்டிலிருந்து: ஆபரேஷன் செய்தவரின் தப்புதானே இது?

பெரும்பாலும் இல்லை. தசையை மென்மையாகக் கையாள்வதும் எலும்புத் தூளைக் கழுவி எடுப்பதும் நல்ல சர்ஜன்களின் பழக்கம்தான். ஆனால் அத்தனையும் செய்தும் வருகிறது. முன்பே ஒரு பக்கம் வந்திருந்தும் மறுபக்கத்துக்குத் தடுப்பைப் பற்றி யாரும் பேசவில்லை என்றால், அப்போது கேட்கலாம்.

கோத்தகிரியிலிருந்து மறுபடியும்: அப்பாவுக்கு இடது பக்கமும் அடுத்த வருடம் மாற்றச் சொல்கிறார்கள். அதிலும் வருமா?

வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். கிரேடு 1 என்று எழுதிய அந்த எக்ஸ்ரே கவரைப் பரணில் போட்டுவிடாதீர்கள். முதல் நாளே சர்ஜன் கையில் கொடுங்கள்.