சிடிசி 10 லட்சம்னு ஆஃபர் வந்திருக்கு, வேலைய விடலாமா?

கோயம்புத்தூர்ல பம்ப் கம்பெனில குவாலிட்டி இன்ஜினியரா இருக்கற ஒருத்தர் கேட்டிருக்கார். இப்ப சிடிசி (ஒரு ஆளுக்காக கம்பெனி வருஷத்துக்கு செலவு பண்ற மொத்த தொகை) 6.5 லட்சம், கைக்கு மாசம் 47,000 வருது, சொந்த வீடு, சர்வீஸ் 4 வருஷம் 4 மாசம். சென்னை பக்கம் ஒரகடத்துல ஒரு ஆட்டோ பார்ட்ஸ் கம்பெனி 10 லட்சம் தர்றாங்களாம், போகலாமான்னு கேக்கறார்.

சார், முதல்ல அந்த 10 லட்சத்த மறந்துடுங்க. நீங்க அனுப்பின சம்பள பிரேக்கப்ப பாத்தேன். வேரியபிள் (நிச்சயம் இல்லாத, ரிசல்ட்ட பொறுத்து வர்ற பணம்) 1,20,000, ஜாயினிங் போனஸ் 60,000, கம்பெனி கட்டற பிஎஃப் 48,000, கிராஜுவிட்டி (பல வருஷம் வேலை பாத்துட்டு விடும்போது கம்பெனி குடுக்கற பணம்) 19,240, இன்சூரன்ஸ் 12,760, இதெல்லாம் அந்த 10 லட்சத்துக்குள்ளயே இருக்கு. கழிச்சா வருஷத்துக்கு 7,40,000 தான், அதுல உங்க பங்கு பிஎஃப் மாசம் 4,000 போனா கைக்கு 57,000 சொச்சம் வரும். புது வரி ரெஜிம்ல இந்த சம்பளத்துக்கு வருமான வரி வராது, அது ஒண்ணுதான் நிம்மதி. ஆக மாசம் கூட வர்றது 10,000 சொச்சம், அதுல ஒரகடம் பக்கம் ரூம் வாடகை, சாப்பாடு, வாராவாரம் ஊருக்கு பஸ்னு போனா என்ன மிஞ்சும், நீங்களே சொல்லுங்க. வேரியபிள் கம்பெனி ரிசல்ட்ட பொறுத்ததுன்னு லெட்டர்லயே போட்டிருக்காங்க, அத நம்பி லோன் எடுத்துடாதீங்க.

அடுத்தது கிராஜுவிட்டி, நெறைய பேர் கோட்டை விடறது இங்கதான். 5 வருஷம்னு சட்டம் சொன்னாலும், அஞ்சாவது வருஷத்துல 240 நாள் வேலை பாத்திருந்தா அதயும் முழு வருஷமா எடுத்துக்கணும்னு மெட்ராஸ் ஹைகோர்ட் தீர்ப்பு இருக்கு (வாரம் 5 நாள் ஷிஃப்டா இருந்தா 190 நாள்). சுமாரா 4 வருஷம் 8 மாசம்னு வச்சுக்கோங்க. உங்க பேசிக் 21,667, அத 15ஆல பெருக்கி 26ஆல வகுத்து 5ஆல பெருக்கினா குறைஞ்சது 62,500 ரூபா. அவங்க குடுக்கற ஜாயினிங் போனஸ விட ஜாஸ்தி, அதுவும் அந்த போனஸ் ஒரு வருஷத்துக்குள்ள விட்டா திருப்பி கட்டணும்னு கண்டிஷன் வேற போட்டிருக்காங்க. உங்க நோட்டீஸ் 2 மாசம், இன்னிக்கே பேப்பர் போட்டா (ராஜினாமா குடுத்தா) 4 வருஷம் 6 மாசத்துல வெளிய வந்துடுவீங்க. அதனால ஜாயினிங் தேதிய ரெண்டு மாசம் தள்ளி கேளுங்க. உங்க எச்ஆர் 240 நாள் கணக்க ஒத்துக்கறாங்களான்னும் முன்னாடியே மெயில்ல கேட்டு வச்சுக்கோங்க, சில இடத்துல முழு 5 வருஷம்னு பிடிவாதமா நிப்பாங்க.

அப்பாவுக்கு சுகர், இப்ப கம்பெனி பாலிசில கவர் ஆகறார்னு எழுதியிருக்கீங்க. எனக்கு பெரிய கவலை இதுதான். புது கம்பெனில பேரண்ட்ஸ் கவர் கிடையாது. வேலைய விட்டா இந்த கவரும் நின்னுடும், வெளிய புதுசா எடுத்தா ஏற்கனவே இருக்கற நோய்க்கு 3 வருஷம் வரைக்கும் கிளெய்ம் பண்ண முடியாதபடி வெயிட்டிங் போடுவாங்க. பேப்பர் போடறதுக்கு முன்னாடியே அதே இன்சூரன்ஸ் கம்பெனிகிட்ட தனி பாலிசிக்கு மாத்த முடியுமான்னு பேசுங்க, வெயிட்டிங்ல ஏற்கனவே ஓடின காலம் கணக்குல வரும்.

வேலைன்னு பாத்தா ஆஃபர் நல்லாத்தான் இருக்கு. இப்ப இன்கமிங் இன்ஸ்பெக்ஷன்லயே உக்காந்திருக்கீங்க, அங்க சப்ளையர் குவாலிட்டி, வெண்டார் ஆடிட், கஸ்டமர் கம்ப்ளெயிண்ட்னு கைல எடுத்து செய்யலாம், ரெண்டு மூணு வருஷம் கழிச்சு உங்க மதிப்பே வேற. அதனால போகவே வேணாம்னு சொல்ல மாட்டேன். வேரியபிள்ல பாதிய ஃபிக்ஸட்ல சேத்து குடுங்கன்னு கேளுங்க, தேதியும் தள்ளி வாங்குங்க, ரெண்டுக்கும் ஒத்துக்கிட்டா கிளம்புங்க. ரெண்டுமே முடியாதுன்னா இன்னும் நாலு மாசம் இங்கயே இருந்து வேற எடம் பாருங்க.

மாறினா பிஎஃப்ப எடுத்துடாதீங்க, 5 வருஷம் ஆகாம எடுத்தா வரி வரும், அதே யுஏஎன்ல (உங்க பிஎஃப் நம்பர், கம்பெனி மாறினாலும் மாறாது) டிரான்ஸ்ஃபர் போடுங்க. திருத்தின ஆஃபர் லெட்டர் கைக்கு வராம பேப்பர் போடாதீங்க, ஃபோன்ல சொன்னது கணக்குல வராது.