வாய்க்கால் பாலத்துக்கு முன்வார்ப்புப் பலகை உழைக்குமா?

கேள்வி: எங்கள் ஊர்க் கிளை வாய்க்காலின் குறுக்கே 3 மீட்டர் நீளச் சிறுபாலத்துக்கு, வேறிடத்தில் வார்த்த கான்கிரீட் பலகைகளைக் கொண்டுவந்து வைக்கப்போவதாகச் சொல்கிறார்கள். நின்ற இடத்தில் வார்த்தது போல அது உழைக்குமா? முன்தகைவு கான்கிரீட் என்பதும் இதுதானா?
– வாசகர், ஒரத்தநாடு

பதில்: முன்வார்ப்பு என்பது எங்கே வார்க்கிறோம் என்பதைப் பற்றியது, முன்தகைவு, உள்ளிருக்கும் கம்பியின் வேலையைப் பற்றியது. கான்கிரீட் நெருக்கினால் தாங்கும், இழுத்தால் பிளக்கும். அதனால் உயர்வலிமைக் கம்பிகளை விறைப்பாக இழுத்துப் பிடித்தபடியே கான்கிரீட்டை வார்த்து, அது இறுகியபின் பிடியை விடுவார்கள். சுருங்கப் பார்க்கும் கம்பி கான்கிரீட்டை நெருக்கிக்கொண்டே இருப்பதால், பாரம் ஏறினாலும் அடிப்பக்கம் எளிதில் விரிசல் விடாது. இது நீண்ட பாலங்களுக்கு ஏற்றது. உங்கள் 3 மீட்டருக்கு, அங்கே போகும் டிராக்டரின் பாரத்தைக் கணக்கிட்டுச் சாதாரணக் கம்பி கட்டி வார்த்த பலகையே போதும்.

உங்கள் பகுதியில் முன்வார்ப்பின் பெரிய லாபம் நாள்தான். மேட்டூர் அணை வழக்கப்படி ஜனவரி 28-இல் மூடப்பட்டு ஜூன் 12-இல் திறக்கப்படும். இடையிலுள்ள நாலரை மாதத்தில் வாய்க்கால் காய்ந்து, ஒப்பந்தம் முடிந்து, ஆள் இறங்குவதற்குள்ளேயே கணிசமான நாள் போய்விடும். அதன்பின் சென்ட்ரிங் அடித்து, வார்த்து, சாக்கு போட்டு நீராற்றி, முட்டுப் பிரிப்பதற்குள் தண்ணீர் வந்துவிடுமோ என்ற அவசரத்தில்தான் நின்ற இடத்து வார்ப்பு பாழாகிறது. வார்ப்புக் களத்துப் பலகையோ வாய்க்காலில் தண்ணீர் ஓடும்போதே தயாராகி, 28 நாள் முதிர்ந்து காத்திருக்கும்.

கோளாறு பெரும்பாலும் பலகை உட்காரும் இடத்தில் வருகிறது. இருபுறச் சுவர்களின் தலைப்பும் ஒரே மட்டமாக இருந்து, அதன்மேல் சிமென்ட் கலவைப் படுகை போட்டபின்பே பலகையை இறக்க வேண்டும். ஒரு மூலையில் ஏறி நின்றால் பலகை ஆடுகிறதென்றால், தயங்காமல் தூக்கி மறுபடி வைக்கச் சொல்லுங்கள். பலகைகளுக்கு நடுவிலுள்ள இடுக்கைச் சுத்தம் செய்து, நனைத்து, பொடிஜல்லிக் கான்கிரீட்டால் நிரப்பாவிட்டால் டிராக்டர் சக்கரத்தின் பாரம் முழுதும் ஒற்றைப் பலகையில் விழும்.

இன்னொன்று: முக்கியக் கம்பி பலகையின் அடிப்பக்கத்தில்தான் இருக்கும். தலைகீழாக வைத்துவிட்டால் அந்தப் பலகை பாரம் தாங்காது. வெளிப்பார்வைக்கு இரு பக்கமும் ஒன்றுபோலவே தெரியும். லாரி வந்ததும் ஒவ்வொரு பலகையிலும் 'மேல்' என்று பெயின்டில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.