வாங்கியது வீடா, சல்லடையா?

புது வீட்டுக்குப் போனவர்களுக்கு முதல் குளிர்கால பில் வந்துவிட்டது போலிருக்கிறது. இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலும் அதே புலம்பல். எல்லாவற்றையும் சுருக்கியிருக்கிறேன். திட்டுகளை எடுத்துவிட்டேன், என்னைத் திட்டியவை உட்பட.

கேள்வி: நடு மாடி வாடகை ஃபிளாட்டிலிருந்து சொந்தத் தனி வீட்டுக்கு வந்து மூன்று மாதம். அதே நான்கு பேர், தெர்மோஸ்டாட்டும் அதே 21 டிகிரி. கேஸ் பில் மட்டும் இரண்டு மடங்கு. மீட்டர் பழுதா?

பதில்: இருக்கலாம். ஆனால் நான் கடைசியாகச் சந்தேகப்படுவது மீட்டரைத்தான். முதலில் தொகையை விட்டுவிட்டு யூனிட்டைப் பாருங்கள். கட்டணம் ஏறினாலும் தொகை ஏறும், குளிர் கூடினாலும் ஏறும். எது என்று காட்டிக்கொடுப்பது யூனிட். அடுத்து, அந்த அளவு மீட்டரைப் பார்த்து எழுதியதா, உத்தேசமாகப் போட்டதா என்று பாருங்கள். உத்தேசம் என்றால், பெரும்பாலும் முன்பு அந்த வீட்டில் இருந்தவரின் பழக்கத்தை வைத்துப் போட்டிருப்பார்கள். அவர் விடிய விடிய ஹீட்டர் ஓட்டியவராக இருந்தால் அந்தப் பாவம் உங்கள் தலையில். சாவி வாங்கிய அன்றே மீட்டரைப் படம் எடுத்தீர்களா? கடிதத்தில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. இன்றாவது எடுத்து அனுப்பிவிட்டு, பில்லைத் திருத்தித் தரச் சொல்லுங்கள்.

கேஸ் மீட்டரில் இன்னொரு வம்பு உண்டு. புது மீட்டர்கள் கன மீட்டரில் எண்ணும், பழையவை சில நூறு கன அடிக் கணக்கில் எண்ணும். நூறு கன அடி என்பது 2.83 கன மீட்டர். பில் போடும் இடத்தில் ஒன்றை மற்றொன்றாகப் பதிந்துவிட்டால் கிட்டத்தட்ட மூன்று மடங்கு வித்தியாசம் வரும். மீட்டர் முகத்தில் உள்ள அலகும் பில்லில் உள்ள அலகும் ஒன்றுதானா என்று பார்த்துவிடுங்கள்.

எல்லாம் சரி என்றால் மீட்டர் உண்மைதான் சொல்கிறது. ஃபிளாட்டில் மேலே ஒரு குடும்பம், கீழே ஒரு குடும்பம், பக்கத்திலும் ஆட்கள். அவர்கள் போட்ட ஹீட்டரில் உங்கள் சுவர்கள் பாதி இலவசமாகச் சூடாகிக்கொண்டிருந்தன. தனி வீட்டில் நான்கு சுவரும் கூரையும் குளிரில் நிற்கின்றன. அதே 21 டிகிரிக்கு இங்கே செலவு அதிகம்.

கேள்வி: தெர்மோஸ்டாட்டை 28-ல் வைத்தால் வீடு சீக்கிரம் சூடாகுமா?

பதில்: ஆகாது. குறைக்க மறந்துபோவீர்கள், அவ்வளவுதான்.

கேள்வி: ப்ளக்கில் செருகி வைத்தாலே மின்சார பில்லைக் குறைக்கும் என்று ஒரு சின்னப் பெட்டி விற்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: நான் வாங்கினேன். ஒன்றல்ல, இரண்டு, இரண்டாவதுக்குத் தள்ளுபடி என்றார்கள். மூன்று மாதம் பில்லில் எந்த மாற்றமும் இல்லை. அப்புறம் ஸ்க்ரூ டிரைவர் எடுத்து ஒன்றைப் பிரித்தேன். உள்ளே ஒரு கெபாசிட்டர், விரல் நக அளவில் ஒரு சர்க்யூட், ஒரு பச்சை விளக்கு. பெட்டியில் பாதி வெறும் காற்று. அந்தக் கெபாசிட்டர் பவர் ஃபேக்டரை, அதாவது வரும் கரண்டில் எவ்வளவு உண்மையில் வேலைக்கு ஆகிறது என்ற விகிதத்தை, சற்றுத் திருத்தலாம். ஆனால் வீட்டு மீட்டர் எண்ணுவது நீங்கள் உண்மையில் செலவழித்த மின்சாரத்தை. அதை இந்தப் பெட்டி தொடுவதே இல்லை. ஹீட்டருக்கோ திருத்த வேண்டிய பவர் ஃபேக்டரே கிடையாது. என் வீட்டில் அந்தப் பெட்டி செய்த ஒரே வேலை பச்சை விளக்கை எரித்தது. அதற்கும் கரண்ட் என் கணக்கில்தான்.

கேள்வி: அப்பாவுக்கு 74 வயது. புது வீட்டில் தனியாக இருக்கும்போது, அடையாள அட்டை மாட்டிய ஒருவர் வந்து "இலவசமாக பாய்லர் சோதிக்கிறோம்" என்றிருக்கிறார். பார்த்துவிட்டு, "இது விஷவாயு கசியும் நிலையில் இருக்கிறது, இன்றே கையெழுத்துப் போட்டால் புது பாய்லர் பாதி விலை" என்று முன்பணமும் வாங்கிப் போய்விட்டார். அப்பா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

பதில்: முதலில் அப்பாவிடம் சொல்லுங்கள், இதில் அவர் வெட்கப்பட ஒன்றுமில்லை. பயத்தைக் காட்டி, யோசிக்க நேரம் தராமல் கையெழுத்து வாங்குவது அந்த ஆட்களின் தொழில். படித்தவர், படிக்காதவர் எல்லோரும் அதில் விழுகிறார்கள். "ஏன் என்னைக் கேட்கவில்லை" என்று நீங்கள் ஏற்கெனவே கேட்டிருந்தால், போய் மன்னிப்புக் கேட்டுவிடுங்கள்.

அடுத்தது இன்றைக்குள் செய்ய வேண்டியது. வீட்டு வாசலில் வந்து செய்த விற்பனையை, காரணம் சொல்லாமலே குறிப்பிட்ட நாட்களுக்குள் ரத்து செய்யும் உரிமை பல நாடுகளில் இருக்கிறது. சில இடங்களில் 3 வேலை நாள், சில இடங்களில் 14 நாள். உங்கள் ஊர்க் கணக்கு என்ன என்று நுகர்வோர் உதவி மையத்தில் கேளுங்கள். ஆனால் பதிலுக்குக் காத்திருக்காமல் ரத்துக் கடிதத்தை எழுத்தில், தேதி போட்டு, அனுப்பியதற்கு அத்தாட்சி கிடைக்கும் வழியில் அனுப்பிவிடுங்கள். முன்பணம் கார்டில் போயிருந்தால் வங்கிக்கும் உடனே சொல்லுங்கள். நாளை ஆட்கள் புது பாய்லரோடு வந்து நின்றால் கதவைத் திறக்க வேண்டாம்.

அந்த பாய்லரை உரிமம் பெற்ற வேறொரு மெக்கானிக்கிடம் காட்டுங்கள், விற்பனை செய்யாதவராகப் பார்த்து. கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லாவிட்டால் ஒன்று வாங்கி மாட்டுங்கள். அந்த வாயுவுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. வந்தவன் சொன்னது பொய்யாக இருக்கலாம், ஆனால் அவன் பயன்படுத்திய பயம் உண்மையானது. அப்பா நிம்மதியாகத் தூங்க அந்த அலாரம் உதவும்.

கேள்வி: வரவேற்பறை கூரை இரண்டு மாடி உயரம், மூன்று பக்கமும் கண்ணாடி. கோடையில் பார்த்தபோது சொர்க்கம். குளியலறை டைல்ஸ் நிறம் பிடிக்காமல் மூன்று முறை போய்ப் பார்த்துத்தான் முடிவு செய்தோம். இப்போது ஹாலில் கோட்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். ஏமாற்றிவிட்டார்கள்.

பதில்: யாரும் ஏமாற்றவில்லை. டைல்ஸுக்காக மூன்று முறை போனவர், ஒரு முறையாவது போன வருட பில்களைக் கேட்டீர்களா? பன்னிரண்டு மாத பில்லைப் பார்க்காமல் வீடு வாங்குவது, மைலேஜ் கேட்காமல் கார் வாங்குவது மாதிரி. சூடான காற்று மேலேதான் போகும். நீங்கள் காசு கொடுத்துச் சூடாக்குவது யாரும் உட்காராத அந்த மேல் பாதியை.

சரி, வாங்கியாயிற்று. கூரையில் ஃபேன் இருந்து, திசை மாற்றும் சுவிட்ச்சும் இருந்தால், காற்று மேல்நோக்கிப் போகும்படி மாற்றி மெதுவாக ஓட விடுங்கள். மேலே தேங்கிய சூடு சுவரோரமாகக் கீழே இறங்கும். பொழுது சாய்ந்ததும் தடித்த திரையை இழுத்து விடுங்கள், வெயில் வந்ததும் திறந்துவிடுங்கள். ரேடியேட்டரின், அதாவது உள்ளே சுடுதண்ணீர் ஓடும் சுவர் ஹீட்டரின், மேல் திரை விழக்கூடாது. நான் தரை வரை தொங்கும் அழகான திரை வாங்கி, ஒரு குளிர்காலம் முழுக்க ரேடியேட்டரையும் ஜன்னலையும் சேர்த்து மூடி வைத்திருந்தேன். திரைக்குப் பின்னால் அற்புதமான சூடு. மாலையில் ஹாலை விட்டுவிட்டுக் கதவு உள்ள ஒரு சின்ன அறையில் உட்காருங்கள்.

கேள்வி: செராமிக் தொழில்நுட்பம், 100 சதவீதத் திறன், சாதாரண ஹீட்டரைவிடப் பாதி மின்சாரத்தில் இரண்டு மடங்கு வெப்பம் என்று ஒரு ஹீட்டர் விளம்பரம் பார்த்தேன். வீடு முழுக்கப் பழைய ஹீட்டர்களை எடுத்துவிட்டு இதைப் போடலாமா?

பதில்: இந்த விளம்பரத்துக்காகத்தான் ஒவ்வொரு குளிர்காலமும் எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறுகிறது. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

கம்பி சூடாகி வெப்பம் தரும் ஹீட்டர் எதுவானாலும், அது எண்ணெய் நிரப்பியதோ, ஃபேன் வைத்ததோ, செராமிக்கோ, உள்ளே பொய் நெருப்பு ஆடுவதோ, ஒரு யூனிட் மின்சாரம் வாங்கி ஒரு யூனிட் வெப்பம் தரும். கூடவும் தராது, குறையவும் தராது. 100 சதவீதத் திறன் என்று போட்டிருப்பது பொய்யில்லை, எரிச்சலே அதுதான். உங்கள் கட்டிலுக்கு அடியில் தூசி படிந்து கிடக்கும் பழைய ஃபேன் ஹீட்டருக்கும் அதே நூறுதான். எல்லோருக்கும் நூறு மதிப்பெண் போட்ட பரீட்சையில் இவர்கள் மட்டும் சான்றிதழை ஃபிரேம் போட்டு மாட்டுகிறார்கள்.

"பாதி மின்சாரம், இரட்டிப்பு வெப்பம்" மட்டும் கலப்படமில்லாத பொய். 400 வாட் என்று போட்ட குட்டி ஹீட்டர் 400 வாட் சூடுதான் தரும். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதர் சுமார் 100 வாட் வெப்பம் வெளிவிடுகிறார். நான்கு பேர் கூடி உட்கார்ந்து பேசினால் அந்த ஹீட்டரின் வேலை முடிந்தது.

வித்தியாசம் இருப்பது வசதியில். ஃபேன் வைத்தது சட்டென்று சூடாக்கும், சத்தம் போடும். எண்ணெய் ஹீட்டர் மெதுவாகச் சூடாகி, அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் தாங்கும். இன்ஃப்ராரெட் வகை காற்றை விட்டுவிட்டு எதிரில் இருக்கும் ஆளைச் சூடாக்கும். ஓரிடத்தில் உட்கார்ந்து வேலை செய்பவருக்கு நல்லது. பில்லுக்கு வாட்டும் மணி நேரமும்தான் கணக்கு: 2000 வாட் ஹீட்டர் நாளுக்கு 6 மணி நேரம் முழு வேகத்தில் ஓடினால் 12 யூனிட், மாதத்துக்கு 360.

இந்தக் கணக்கை மீறுவது ஹீட் பம்ப் மட்டும். அது வெப்பத்தை உண்டாக்குவதில்லை, வெளியிலிருந்து இழுத்து உள்ளே தள்ளுகிறது. அதனால் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று யூனிட் அளவுக்கு வெப்பம் தர முடிகிறது. வெளிக்குளிர் ஏற ஏற அது குறையும். உங்களுக்கு விற்பது அது இல்லை. இருக்கிற ஹீட்டர்களையே ஓட்டுங்கள்.

கேள்வி: எங்கள் புது வீட்டில் ஹீட் பம்ப்தான். வேலைக்குப் போகும்போது 14-க்குக் குறைத்துவிட்டு, வந்ததும் 23-க்கு ஏற்றுகிறோம். சீக்கிரம் சூடாகட்டும் என்று "எமர்ஜென்சி ஹீட்" பட்டனையும் போட்டிருக்கிறோம். ஆனாலும் பில் எகிறுகிறது.

பதில்: "ஆனாலும்" இல்லை, அதனால்தான். அந்தப் பட்டன் பல வீடுகளில் ஹீட் பம்பை ஓரம் கட்டிவிட்டு, சாதாரண மின்சாரக் கம்பி ஹீட்டரை ஓட்டும். பம்ப் பழுதான நாளுக்கு வைத்த வழி அது. முந்தைய பதிலில் சொன்ன மூன்றை விட்டுவிட்டு ஒன்றை வாங்கிக்கொண்டிருக்கிறீர்கள். உடனே அணையுங்கள். பகலில் இரண்டு மூன்று டிகிரிக்கு மேல் குறைக்காதீர்கள். ஒரேயடியாக ஏற்றினால் துணை ஹீட்டர் தானாகவே வந்து சேர்ந்துகொள்ளும். கேஸ் பாய்லர்காரர்கள் இந்தக் 'குறைக்காதீர்கள்' வரியைப் படிக்க வேண்டாம், உங்களுக்கு வெளியே போகும்போது நன்றாகக் குறைப்பது லாபம்.

கேள்வி: ரேடியேட்டரின் மேல் பாதி மட்டும் சில்லென்று இருக்கிறது.

பதில்: உள்ளே காற்று. ஹீட்டிங்கை அணைத்து ஆறவிட்டு, ஓரத்தில் உள்ள சின்னத் திருகை அதற்குரிய சாவியால் லேசாகத் திருப்புங்கள். உஸ்ஸென்ற சத்தம் நின்று தண்ணீர் வந்ததும் மூடிவிடுங்கள். துணி ஒன்று கையில் இருக்கட்டும். கீழ்ப் பாதி சில்லென்று இருந்தால் அது சேறு, அதற்கு ஆள் வேண்டும்.

கேள்வி: எல்லா ஜன்னலையும் மூன்றடுக்குக் கண்ணாடியாக மாற்றினால் பில் பாதியாகும் என்கிறார் ஜன்னல் கம்பெனிக்காரர். கடன் வாங்கலாமா?

பதில்: அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். பேனாவைத் தேட ஆரம்பிப்பார்.

கடனுக்கு முன் ஒரு ஊதுபத்தி வாங்குங்கள். காற்று வீசும் குளிர்நாளில் எல்லாக் கதவு ஜன்னலையும் மூடிவிட்டு, ஊதுபத்தியைக் கொளுத்திச் சுவரோரமாக மெதுவாக நடங்கள். திரையிலிருந்து தள்ளிப் பிடியுங்கள். புகை நேராக எழுந்தால் பிரச்சினை இல்லை. பக்கவாட்டில் மடங்கினால் அங்கே ஓட்டை. ஜன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே, சமையலறை சிங்க்குக்கு அடியில் குழாய் சுவருக்குள் போகும் இடத்தில், ப்ளக் பாயின்டைச் சுற்றி, வாசல் கதவின் அடியில். என் வீட்டில் பரணுக்குப் போகும் மூடிக்குக் கீழே பிடித்தபோது, புகை கயிறு கட்டி இழுத்த மாதிரி நேராக மேலே போய் இடுக்கில் மறைந்தது. சூடான காற்று அங்கே தப்பிக்க, அது விட்ட இடத்தை நிரப்பக் கீழே கதவு இடுக்கு வழியாகக் குளிர்காற்று வந்துகொண்டிருந்தது. இரண்டு வருடமாக "ஹாலில் கால் குளிர்கிறது" என்று நான் புலம்பியதற்குக் காரணம் தலைக்கு மேல் இருந்தது. மூடியின் விளிம்பில் ரப்பர் பட்டை ஒட்டினேன், மேல்பக்கம் இன்சுலேஷன் பலகை வைத்தேன். ஒரு மதிய வேலை.

அதற்குள் இரண்டு விலைப்பட்டியல் வாங்கியிருந்தேன், பாய்லருக்கு ஒன்று, ஜன்னலுக்கு ஒன்று. இடுக்கை அடைக்கச் சொல்லி எந்த விற்பனையாளரும் கதவைத் தட்டியதில்லை. ரப்பர் பட்டையில் அவருக்கு என்ன கமிஷன் கிடைத்துவிடப் போகிறது?

ஒரே எச்சரிக்கை: சுவரில் வேண்டுமென்றே வைத்த காற்றுத் துவாரங்களை அடைக்காதீர்கள், கேஸ் அடுப்போ பாய்லரோ உள்ள அறையில் தொடவே கூடாது. இடுக்குகளை அடைத்து, பரணில் இன்சுலேஷன் போட்ட பிறகும் ஜன்னலோரம் குளிர்ந்தால், அப்போது கண்ணாடி பற்றிப் பேசலாம். ஒற்றைக் கண்ணாடி என்றால் மாற்றுவதில் அர்த்தம் உண்டு. ஏற்கெனவே நல்ல நிலையில் இரட்டைக் கண்ணாடி இருந்தால், போட்ட பணம் திரும்பி வரப் பல வருடம் ஆகும்.

கேள்வி: புத்தம் புதிதாகக் கட்டிய வீடு. வீட்டுக்கு எவ்வளவு ஆற்றல் செலவாகும் என்று சொல்லும் சான்றிதழில் நல்ல மதிப்பீடு. முதல் குளிர்காலமே பில் அதிகம், ஜன்னலில் தண்ணீர் வழிகிறது. கட்டியவர் "போகப் போகச் சரியாகும்" என்கிறார்.

பதில்: பாதி உண்மை. புது கான்கிரீட்டிலும் பூச்சிலும் உள்ள ஈரம் காய மாதக்கணக்கில் ஆகும், அதைக் காய வைக்கும் வெப்பமும் உங்கள் பில்லில்தான். அடுத்த வருடம் குறையும். தினமும் சில நிமிடம் ஜன்னல்களை அகலத் திறந்து மூடுங்கள்.

மற்ற பாதிக்கு அவரை விடாதீர்கள். சான்றிதழ் என்பது வரைபடத்தை வைத்துப் போட்ட கணக்கு. வேலை செய்தவர் இன்சுலேஷனை ஒழுங்காக வைத்தாரா என்று அதற்குத் தெரியாது. பனி படிந்த காலையில் வெளியே போய்க் கூரையைப் பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் பனி முதலில் உருகியிருந்தால் அதன் அடியில் இன்சுலேஷன் விட்டுப்போயிருக்கலாம். படம் எடுங்கள், உத்தரவாதக் காலம் முடிவதற்குள் எழுத்தில் புகார் கொடுங்கள். தொலைபேசியில் சொன்னதெல்லாம் காற்றோடு போகும்.

கேள்வி: பத்து நாள் ஊரில் இல்லை. ஃபிளாட்டில் எல்லா ஹீட்டரும் அணைத்திருந்தது. மின்சார மீட்டர் மட்டும் நன்றாக ஓடியிருக்கிறது.

பதில்: மெயின் பிரேக்கரை இறக்கிவிட்டு மீட்டரைப் பாருங்கள். நின்றால் உங்கள் வீட்டுக்குள் ஏதோ ஓடிக்கொண்டிருக்கிறது. முதல் சந்தேகம் தண்ணீர் ஹீட்டர், அடுத்தது குளியலறைத் தரைக்கு அடியில் உள்ள சூடாக்கி. நிற்காமல் ஓடினால், வேறு யாருடைய வீட்டையோ நீங்கள் சூடாக்கிக்கொண்டிருக்கலாம். ஓடும் மீட்டரை வீடியோ எடுத்து மின்சாரக் கம்பெனிக்கு அனுப்பி, இணைப்பைச் சோதிக்கச் சொல்லுங்கள். நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது, விட்டுக்கொடுக்காதீர்கள்.

கேள்வி: பழைய சொந்தக்காரர் ஒரு ஹீட்டரை விட்டுப் போயிருக்கிறார். நன்றாகச் சூடாகிறது. ப்ளக் மட்டும் கொஞ்சம் பழுப்பாக இருக்கிறது. எக்ஸ்டென்ஷன் வயரில் போட்டு ஓட்டுகிறோம்.

பதில்: இதைப் படித்து முடிப்பதற்குள் கழற்றிவிடுங்கள்.